24 நினைத்தேன்... 17 படித்தேன்!

“ஏத்தா, வெளக்கு வைக்கிற நேரத்துல பொஸ்தகத்தத் தூக்கிக்கிட்டு உக்காந்தா குடும்பம் வெளங்குமாத்தா?”

போன வருஷம் பொங்கல் கழிந்த மறுவாரம் என் மாமியார் என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. நான் பதில் பேசவில்லை. புத்தகத்தை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு விளக்கேற்றப் போனேன். ஆனால் மனசுக்குள் ஒரு வைராக்கியம். ‘வருஷம் முடிவதற்குள் 24 புத்தகம் படித்தே தீருவது!’

வருஷம் முடிந்துவிட்டது. படித்தது 17 தான். தோற்றுவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தத் தோல்வியில் எனக்குக் கிடைத்தது என்ன என்று சொன்னால், உங்களில் சிலருக்காவது பிரயோஜனப்படும் என்று நினைக்கிறேன்.

பந்தயம் பிறந்த கதை

எங்களுக்குக் கம்பம் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நெல் வயல், கொஞ்சம் திராட்சைப் பந்தல். விடிவதற்கு முன்பே தெருவில் ஜீப் சத்தம் கேட்கும். கம்பமெட்டு, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு கிளம்புவார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் எனக்குப் பாடு குறைவுதான். ஆனாலும் கல்யாணமாகி 18 வருஷத்தில் நான் முழுசாகப் படித்து முடித்த புத்தகம் என்று ஒன்றுகூட இல்லை. பலசரக்குப் பொட்டலத்தின் காகிதத்தைப் பிரித்துப் படிப்பதோடு சரி!

ஒன்பதாவது படிக்கும் என் மகளை, அவள் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு 12 புத்தகம் படிக்கச் சொல்லியிருந்தார்கள். “போனை வச்சுட்டுப் படியேன்டி!” என்று நான் சத்தம் போட்டேன். “நீ மட்டும் படிக்கிறியாம்மா?” என்று கேட்டுவிட்டாள். சுருக்கென்றது. “நீ 12 படி, நான் 24 படிக்கிறேன்!” என்று ரோஷத்தில் சொல்லிவிட்டேன்.

இப்படிக் கங்கணம் கட்டிக்கொண்டு படிப்பது நமக்குப் புதுசாகத் தெரியலாம். வெளிநாடுகளில் இது பலர் செய்கிற காரியம். அமெரிக்காவில் நினா சான்கோவிச் என்ற பெண்மணி, புற்றுநோயில் அக்காவைப் பறிகொடுத்த துக்கம் ஆறாமல், 2008ஆம் வருஷம் தம் 46ஆவது பிறந்த நாளில் ஆரம்பித்துத் தினம் ஒரு புத்தகமாக ஒரு வருஷம் படித்தார். நான்கு ஆண் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே! இங்கிலாந்தில் ஆன் மார்கன் என்பவர் 2012இல், உலகத்தின் ஒவ்வொரு தேசத்திலிருந்தும் ஒரு புத்தகம் என்று தேடித் தேடிப் படித்தார். நானோ, மாதம் இரண்டே இரண்டு என்று கணக்குப் போட்டேன். அதுவே பெரும்பாடாகிவிட்டது!

நேரம் எங்கே கிடைத்தது?

முதல் வேலையாகக் கிளை நூலகத்தில் சேர்ந்தேன். வீட்டு வரி கட்டும்போது அதோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்த நாளிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. இத்தனை வருஷமாக வரியைக் கட்டிவிட்டு, புத்தகத்தை எடுக்காமல் இருந்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததற்கும் பிள்ளைகள் பள்ளிவிட்டு வருவதற்கும் நடுவே முக்கால் மணி நேரம். இரவு எல்லோரும் படுத்த பிறகு அரை மணி நேரம். டி.வி. தொடரில் ஒன்றைக் கைவிட்டேன். ஜனவரியில் மூன்று புத்தகம் முடிந்தது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படித்த அன்று, குழம்புக்கு உப்புப் போடக் கை தயங்கியது. தூத்துக்குடி உப்பளத்துப் பெண்களின் பாட்டை நேரில் போய்ப் பார்த்து, கேட்டு எழுதியவர் அவர்.

சறுக்கலும் உண்டு. ஒருநாள் கதை மும்முரத்தில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. “நீ அங்கிட்டு ராஜ்ஜியம் ஆண்டுக்கிட்டு இரு, இங்கிட்டுப் பால் ஆறா ஓடுது!” என்றார் வீட்டுக்காரர். மே மாதம் கணக்கில் பின்தங்கியதும், ஒல்லியான புத்தகங்களாகப் பொறுக்கி எடுத்து நான்கை ஒரே வாரத்தில் முடித்தேன். இன்றைக்கு அந்த நான்கில் என்ன இருந்தது என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பேன்! ஜூன் பிறந்ததும் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து நாற்று, நடவு என்று வயல் வேலை வந்துவிட்டது. புத்தகம் அலமாரியில் ஏறியது.

எழுத்து மங்கினால்...

இதற்கிடையே இன்னொரு சங்கடம். புத்தகத்தைக் கை நீட்டித் தூரப் பிடித்தால்தான் எழுத்து தெரிந்தது. அச்சு சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். அச்சில் கோளாறு இல்லை, எனக்கு வயசு 41! நாற்பதையொட்டி கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளக்கம் குறைந்து, கிட்டத்தில் உள்ளது மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். இதைத்தான் பெரியவர்கள் வெள்ளெழுத்து என்பார்கள். வியாதி அல்ல. பரிசோதித்துக் கண்ணாடி போட்டால் போதும். ‘கிழவியாகிவிட்டேனே’ என்று கூச்சப்பட்டு, ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட்டுக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்!

தேனிக்குக் கண் பரிசோதனைக்குப் போனபோது அத்தையையும் கூட்டிப் போனேன். அவருக்கு வயசு 75 தாண்டிவிட்டது. இரண்டு கண்ணிலும் புரை இருப்பதாகச் சொன்னார்கள். சொட்டு மருந்தால் புரை கரையாது. முற்றி இடைஞ்சல் தரும்போது ஆபரேஷன் செய்து, உள்ளே செயற்கை லென்ஸ் வைப்பதுதான் வழி. ஆகஸ்டில் முதல் கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. குனியக் கூடாது, கண்ணைக் கசக்கக் கூடாது, அடுப்புப் புகையும் தூசியும் ஆகாது என்றார்கள். வேலை செய்தே பழகிய மனுஷி திண்ணையில் சும்மா உட்கார்ந்து தவித்துப்போனார்.

அணைக்குள் போன ஊர்

வேளாவேளைக்கு அவருக்குச் சொட்டு மருந்து விடுவது என் பொறுப்பு. பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கையில் வைரமுத்துவின் ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைக்காக ஊர்களைக் காலி செய்த ஜனங்களின் கதை. 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி பரிசு பெற்ற நாவல். எழுதியவரின் குடும்பமும் அப்படி ஊரைவிட்டு வடுகபட்டிக்குக் குடிபெயர்ந்ததுதான்.

“என்னத்தா படிக்கிற? சத்தமாத்தான் படியேன், எனக்கும் பொழுது போகும்” என்றார் அத்தை.

படித்தேன். நம் பக்கத்துப் பேச்சு, நம் பக்கத்து மண். மறுநாளும் கேட்டார். நான் மொச்சை உரிக்க உட்கார்ந்தால் மகள் வாங்கிப் படித்தாள். நாலாவது படிக்கும் பையனும் அப்பத்தா மடியில் வந்து படுத்துக்கொண்டான்.

ஊரைக் காலி செய்யச் சொல்லும் கட்டம் வந்தது. “போதும்த்தா” என்று எழுந்து போய்விட்டார். மூன்று நாள் புத்தகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நான்காம் நாள் சாயங்காலம் தானே பாயை விரித்து உட்கார்ந்தார்.

“எங்க ஊரும் அந்தத் தண்ணிக்குள்ளதாம்த்தா கெடக்கு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 18 வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். அத்தையின் பிறந்த ஊர் ஆண்டிபட்டிப் பக்கம் என்று மட்டும்தான் தெரியும்.

“அப்ப எனக்கு ஒம்பது வயசு இருக்கும். மடியில கோழிய வச்சுக்கிட்டு மாட்டு வண்டியில உக்காந்திருந்தேன். எங்க ஆத்தா காலி வீட்டப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகுச்சு. தண்ணிக்குள்ள போற வீட்டுக்கு எதுக்கு ஆத்தா பூட்டுன்னு எங்கப்பன் கேட்டாரு. அது பேசவே இல்ல. அந்தச் சாவி ரொம்ப வருஷம் அது இடுப்புலயே கெடந்துச்சு.”

கொஞ்ச நேரம் கழித்து, “அங்க ரெண்டாப்பு படிச்சேன். இங்கிட்டு வந்ததும் தம்பியத் தூக்க ஆளில்லன்னு நிறுத்திட்டாக. சிலேட்டு எந்த மூட்டையில போச்சோ!” என்றார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் புத்தகம் எடுக்காதே என்று சொன்ன மாமியாரை மனசுக்குள் எத்தனை நாள் திட்டியிருப்பேன்! கையிலிருந்து பிடுங்கப்பட்ட சிலேட்டைப் பற்றி நான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

கணக்குப் பார்த்தபோது

அந்த ஒரு நாவலைச் சத்தமாகப் படித்து முடிக்க ஆறு வாரம் ஆனது. தனியாகப் படித்திருந்தால் ஒரு வாரத்தில் முடித்து, அடுத்ததற்குப் போயிருப்பேன். ஒருவேளை 24ஐ எட்டியும் இருப்பேன். ஆனால் அத்தையின் ஊர் எனக்குத் தெரியாமலே போயிருக்கும். மகள் 13 புத்தகம் படித்து முடித்தாள். பந்தயத்தில் அவள்தான் ஜெயித்தாள்.

வை. மு. கோதைநாயகி அம்மாளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக்கூடம் போகாதவர். ஐந்து வயதிலேயே கல்யாணம். முதல் நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, அவர் தோழி எழுதினார். பிற்பாடு 115 நாவல்கள் எழுதி, ‘ஜகன்மோகினி’ பத்திரிகையையும் நடத்தினார். அந்த ஞாபகத்தில் நானும் ஒரு 40 பக்க நோட்டு வாங்கினேன். அத்தை சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஊர்க் கிணறு எங்கே, கோயில் எங்கே, யார் வீட்டுப் பசு எங்கே கட்டிக் கிடக்கும் என்று 11 பக்கம் ஆகியிருக்கிறது.

உங்களுக்குச் சில யோசனைகள்

* மாதம் ஒரு புத்தகம் என்று ஆரம்பியுங்கள். ரோஷத்தில் என்னைப் போல் 24 என்று சொல்லிவிடாதீர்கள்!
* பிடிக்காத புத்தகத்தை 30, 40 பக்கத்தோடு மூடிவிடலாம். குற்றமில்லை.
* படித்த தேதி, பெயர், மனசில் நின்ற ஒரு விஷயம் - இவற்றை நோட்டில் குறித்து வையுங்கள்.
* 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை தலையை நிமிர்த்தித் தூரத்தில் இருக்கும் மரத்தையோ மலையையோ கொஞ்ச நேரம் பாருங்கள். கண் களைக்காது. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் வருஷம் ஒருமுறை கண் பரிசோதனை செய்வது அவசியம்.
* கைக்குழந்தைக்குக்கூடப் படம் காட்டி வாய்விட்டுப் படியுங்கள். அர்த்தம் புரிவதற்கு முன்பே உங்கள் குரலும் சொற்களும் அதற்குப் பழகிவிடும்.
* வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால், ஒரு புத்தகமாவது அவர்கள் காது கேட்கப் படியுங்கள்.

இந்த வருஷக் கணக்கு 12 புத்தகம்தான். அதில் ஆறு சத்தமாக. இப்போதெல்லாம் விளக்கேற்றியதும் முற்றத்திலிருந்து குரல் வருகிறது: “ஏத்தா, வெளக்கு வச்சாச்சுல்ல... பொஸ்தகத்த எடுத்துட்டு வா!”