அக்கா இந்தியர், தம்பி அகதி... முகாமில் குடியுரிமையைத் தீர்மானிக்கும் அந்த ஒரு தேதி!

ஒரே முகாம், ஒரே அப்பா அம்மா. அக்கா பிறந்தது 1986, தம்பி பிறந்தது 1988 என்று வைத்துக்கொள்வோம். சட்டப்படி அக்கா இந்தியக் குடிமகள்; தம்பி இலங்கை அகதி. தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களில் இது கற்பனை இல்லை. எல்லாம் 1987 ஜூலை 1 என்ற தேதி செய்யும் வேலை.

சட்டம் என்ன சொல்கிறது?

1955-ம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு, இந்தியாவில் பிறந்தவர்களை மூன்றாகப் பிரிக்கிறது.

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை: இந்திய மண்ணில் பிறந்தாலே பொதுவாகக் குடியுரிமை உண்டு. பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வி இல்லை.

• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை: அப்பா, அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும்.

• 2004 டிசம்பர் 3 முதல்: இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது.

அகதிகள் பெருமளவில் வரத் தொடங்கியது 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு. அப்படிப் பார்த்தால், முகாமில் பிறந்து முதல் பட்டியலுக்குள் வருகிறவர்கள் சுமார் நான்கு ஆண்டுகளில் பிறந்தவர்கள் மட்டுமே.

கோர்ட் என்ன சொன்னது?

1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். பிறப்பால் அவர் இந்தியரே, பாஸ்போர்ட் வழங்க வேண்டும் என 2022-ல் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் முதன்முறையாக வாக்களித்தார்.

சரி, மற்றவர்கள் விண்ணப்பிக்க முடியாதா?

பொதுவாக 12 ஆண்டுகள் இங்கே வசித்த வெளிநாட்டவர் குடியுரிமை கேட்கலாம். ஆனால் 'சட்டவிரோதக் குடியேறி' என்றால் அந்தக் கதவு மூடிவிடும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படகேறியவர்கள் பலரிடம் பாஸ்போர்ட்டோ விசாவோ கிடையாது. அதனால் 40 ஆண்டுகள் வாழ்ந்தாலும் அது கணக்கில் சேராது.

2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் இந்தத் தடையை நீக்கியது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு மதத்தினருக்கு மட்டும். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, ஆவணம் இல்லாததற்கான தண்டனையிலிருந்து 2025-ல் மத்திய அரசு விலக்கு தந்தது. அது நிம்மதிதான்; ஆனால் குடியுரிமை ஆகாது.

மறுத்தால் என்ன வழி?

• குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு அதிகாரி பிறப்பித்த உத்தரவை எதிர்த்து, 30 நாட்களுக்குள் மத்திய அரசிடம் சீராய்வு கேட்கலாம் (பிரிவு 15).

• மத்திய அரசே பிறப்பித்த உத்தரவு என்றால், அதே 30 நாட்களுக்குள் மறுஆய்வு மனு (பிரிவு 15ஏ).

• அடுத்து, அரசியலமைப்பின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது.

முதலில் எதைத் தேட வேண்டும்?

பிறப்புச் சான்றிதழ். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவருக்கு வழக்கின் அஸ்திவாரமே அதுதான்.

ஆனால் அடுத்த தலைமுறைக்கு அதுவும் போதாது. அந்த 1986 அக்கா, படகில் வந்த ஒருவரைத் திருமணம் செய்துகொண்டால், 2004-க்குப் பிறகு பிறந்த அவர்களுடைய குழந்தை மூன்றாவது பட்டியலில் சிக்கிக்கொள்ளும். அம்மா வாக்களிப்பார். பிள்ளைக்கு 18 வயதானாலும் வாக்காளர் அட்டை கிடைக்காது.