தாளம் எழுதாத இசை

1977-ல் அமெரிக்கா ஏவிய இரண்டு வாயேஜர் விண்கலங்களிலும் பூமியின் இசையைப் பதித்த தங்க முலாம் தட்டு ஒன்று இருக்கிறது. அதில் இந்தியாவின் குரல் கேசர்பாய் கேர்கர். சீனாவின் சார்பில் ஒலிப்பது குச்சின் என்ற ஏழு தந்தி வாத்தியம். வாசித்தவர் குவான் பிங்ஹு. விண்கலம் கிளம்புவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1967-ல், அவர் இறந்துவிட்டார். அவரது இசை நட்சத்திரங்களை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. பூமியில் அதைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு.

குச்சின் சுமார் நாலடி நீளமுள்ள, அரக்கு பூசிய மரப்பெட்டி. மேஜையில் கிடத்தி வாசிப்பார்கள். வீணையில் உள்ளது போல மெட்டுகள் கிடையாது. ஓரமாகப் பதித்த 13 புள்ளிகளே வழிகாட்டி. வலது கை மீட்டும். அதில் சுண்டுவிரலுக்கு மட்டும் வேலையில்லை. இடது கை விரல் புள்ளிக்கு நேரே தந்தியை லேசாகத் தொட்டால் மணியோசை கேட்கும். அழுத்தித் தேய்த்தால் நம் கமகம் போன்ற நெளிவு. சத்தம் மிகக் குறைவு. கச்சேரி மேடையைவிட, நாலு பேர் உட்காரும் அறைக்கே ஏற்றது.

சிக்கல் எழுத்தில் இருக்கிறது. குச்சின் ஏட்டில் ஸ்வரங்கள் இல்லை. எந்தத் தந்தி, எந்த விரல், எந்த இடம் என்பதையெல்லாம் சீன எழுத்துகளின் துண்டுகளைச் சேர்த்து ஒரே குறியீட்டில் அடைத்துவிடுவார்கள். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அதைச் சொல்லித்தருவது குரு. குரு பரம்பரை அறுந்துபோனால் ஏடு இருந்தும் இசை ஊமை.

1956-ல் நாடெங்கும் தேடிய ஆய்வுக் குழு கண்டது 86 கலைஞர்களைத்தான். அந்த ஆண்டுகளில் குவானும் மற்றவர்களும் பழைய ஏடுகளைப் பிரித்து, குறியீடு குறியீடாக மீட்டி, கால அளவைத் தாங்களே கண்டறிந்தார்கள். 1425-ல் தொகுக்கப்பட்ட நூலில் இருந்த 'குவாங்லிங் சான்' அப்படித்தான் உயிர் பெற்றது. 'சின்ன உருப்படிக்கு மூன்று மாதம், பெரியதற்கு மூன்று வருடம்' என்பது இவர்களிடையே வழங்கும் சொல். ஒரே ஏட்டை இருவர் பிரித்தால் இரண்டு விதமாக ஒலிக்கலாம். அதை யாரும் தவறு என்பதில்லை.

பின்னர் பட்டு நூல் தந்திகளின் இடத்தை நைலான் சுற்றிய எஃகுத் தந்திகள் பெரும்பாலும் பிடித்துக்கொண்டன. சத்தம் கூடியது, பட்டின் கரகரப்பு போனது. 2003-ல் யுனெஸ்கோ இக்கலையை மனித குலத்தின் பாரம்பரியமாக அறிவித்தது. பல ஆயிரமாக இருந்த உருப்படிகளில் வழக்கமாக வாசிக்கப்படுபவை சுமார் 100 மட்டுமே என்றும் அது குறிப்பிட்டது.

மற்றவை ஏட்டில் காத்திருக்கின்றன, மூன்று வருடம் பொறுமையுள்ள ஒரு கைக்காக.