மிளகு பிறந்த ஊர் எது?

பாங்காக்கில் போட்ட கையெழுத்துக்கும் நம் மட்டாஞ்சேரி மிளகுச் சந்தைக்கும் என்ன சம்பந்தம் என்று சங்க அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு. 2009 ஆகஸ்ட் 13 அன்று ஆசியான் நாடுகளோடு இந்தியா தடையற்ற வணிக ஒப்பந்தம் செய்தது. 2010இல் அது நடப்புக்கு வந்தது. காபி, தேயிலை, பாமாயிலோடு மிளகையும் சிறப்புப் பொருளாகப் பிரித்து வைத்தார்கள். அதனால் மிளகின் இறக்குமதி வரி 70 சதவீதத்திலிருந்து, படிப்படியாக, 50 வரைதான் இறங்கியது.

அப்புறம் என்ன பயம் என்பீர்கள். சங்கதி வேறு இடத்தில் இருக்கிறது. 2000இல் நடப்புக்கு வந்த இந்திய-இலங்கை ஒப்பந்த வழியில் ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகு வரியே இல்லாமல் வரலாம். வியட்நாம் மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கையில் விளைந்ததாகச் சான்றிதழ் வாங்கி இந்தியாவுக்கு வந்துவிட்டால்? 50 சதவீத வரி காணாமல் போய்விடும். இடுக்கி, வயநாட்டு விவசாயிக்கு விலை சரியும். இப்படித்தான் நடக்கிறது என்று விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது.

ஆகவே ஒப்பந்தம் என்றாலே வரி எத்தனை என்று மட்டும் கேட்டால் போதாது. சரக்கு எந்த மண்ணில் விளைந்தது, அதை யார் சரிபார்த்தார்கள் என்றும் கேட்கணும்.