பண்டிகைக் கணக்கில் மழையையும் சேர்ப்போம்

கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். வெள்ளவத்தையில் இரவு பஸ் ஏறினால் யாழ்ப்பாணம் போய் இறங்க விடிந்துவிடும். அதனால்தான் தீபாவளியோ நத்தாரோ நெருங்கினால் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் “ஒருக்கா சென்னைக்குப் போட்டு வருவம்” என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. காலையில் இறங்கி, ரி. நகரில் உடுப்பு எடுத்து, மயிலாப்பூரிலோ சாந்தோமிலோ கும்பிட்டுவிட்டு, அன்றிரவோ மறுநாளோ கட்டுநாயக்க திரும்பிவிடலாம் என்று திட்டம் போடுகிறோம்.

ஆனால் நம் பண்டிகைக் காலமும் வங்கக் கடலின் புயல் காலமும் ஒன்றுதான். வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கி டிசம்பர்வரை பெய்கிறது. தீபாவளி, கார்த்திகை விளக்கீடு, நத்தார் எல்லாம் அதற்குள்ளேதான் வருகின்றன.

2023 டிசம்பர் 4ஆம் திகதி மிக்ஜாம் புயல் மழையில் சென்னை விமான நிலைய ஓடுபாதை வெள்ளத்தில் மூழ்கியது. மறுநாள் காலை 9 மணிவரை நிலையத்தை மூடிவிட்டார்கள். நத்தார் உடுப்பு எடுக்கப் போன எங்கள் சொந்தக்காரக் குடும்பமொன்று அன்று மதியம் திரும்புவதாக இருந்தது. விடுதி வாசலில் முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, போன்களில் சார்ஜ் இறங்கிக்கொண்டிருந்தது. அம்மாவின் பிரஷர் குளிசை அன்று காலையோடு முடிந்துவிட்டது. வாங்கிய சாரிகளைக் கட்டிலின் மேல் ஏற்றி வைத்துவிட்டு, மகன் தண்ணீருக்குள் இறங்கி மருந்துக்கடை தேடிப் போனான். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நிலைமை இன்னும் மோசம். விமான நிலையம் நாள்கணக்கில் மூடிக் கிடந்தது. அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் விட வேண்டியதாயிற்று.

இந்தப் பாதைக்கு இது புதிதல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, எழும்பூரில் போட் மெயில் ஏறுபவர் தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்புக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். 1964இல் நத்தாருக்குச் சில நாள் முன்பு, டிசம்பர் 22ஆம் திகதி இரவு, புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிறகு இராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போரோடு நின்றுபோனது.

2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பல் விட்டபோது எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஒரு வாரத்துக்குள், தீபாவளிக்கு முன்பே, பருவமழை காரணமாக அதை நிறுத்தினார்கள். மறுபடி ஓடியது 2024 ஓகஸ்ட் 16இல். கடல் கொந்தளிக்கும்போது கப்பலை நிறுத்துவது சரியே. உயிரைவிடப் பயணம் பெரிதல்ல. ஆனால் எந்த மாதங்களில் ஓடும், எப்போது நிற்கும் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். ஆசையோடு பணம் கட்டிக் காத்திருக்கும் மக்களுக்கு இரு அரசுகளும் அந்த மரியாதையையாவது செய்ய வேண்டும்.

நம் பக்கத்திலும் மாற வேண்டியது உண்டு. புயலால் விமானம் ரத்தானால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கலாம், வேறு நாளுக்கு மாற்றியும் தரலாம். தங்கும் செலவும் சாப்பாட்டுச் செலவும் பெரும்பாலும் நம் தலையில்தான். ஆகவே பண்டிகைக்கு முதல் வாரம் போகாமல், மழை வலுக்குமுன் செப்டம்பரிலேயே போய் வருவது நல்லது. அது முடியாதென்றால், திரும்பும் நாளுக்கும் பண்டிகை நாளுக்கும் இடையே மூன்று நாளாவது விடுங்கள். வயதானவர்களின் மருந்து ஒரு வாரத்துக்குக் கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் வேண்டாம். விசா முடியும் திகதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வானிலை அறிக்கையில் காற்றழுத்தத் தாழ்வு என்று சொன்னால், டிக்கெட் காசு போனாலும் பரவாயில்லை, பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். புதுச்சாரி இல்லாமலும் தீபாவளி நடக்கும். வீட்டு ஆட்கள் அக்கரையில் நின்றுவிட்டால் அது தீபாவளியே அல்ல.