நத்தார்ப் பந்தியில் ஒரு வெற்றிடம்

குடும்பம் முழுவதும் ஒரே பந்தியில் அமரும் நாட்கள் ஆண்டிலே மிகச் சிலவே. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அத்தகைய நாட்களுள் தலையாயது நத்தார். தொழில் நிமித்தம் பிரிந்திருந்த மகன் வீடு திரும்புகின்றான். மணஞ்செய்து சென்ற மகள் தன் பிள்ளைகளுடன் வந்து சேருகின்றாள். பேரப்பிள்ளைகளின் ஆரவாரம் முற்றத்தை நிறைக்கின்றது. வந்தோரை எண்ணி மகிழும் நாளாகையால், வராதவரும் அன்றே எண்ணத்தில் எழுகின்றார். ஏனைய நாட்களில் வேலைகளினிடையே மறைந்து கிடக்கும் ஒருவரது இழப்பு, பந்தி விரிக்கும் வேளையில், ஒரு தட்டுக் குறைவாக வைக்கும் கையிலே வந்து நிற்கின்றது.

மரணம் நிகழ்ந்த வீட்டில் அவ்வாண்டு விழா எடுப்பதில்லை என்பது தமிழர் வாழ்வில் வேரூன்றிய வழக்கம். சைவர் வீடுகளிலே பொங்கலும் தீபாவளியும் அவ்வாண்டு ஓசையின்றிக் கழியும்; அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறாது; அயலவரும் உறவினரும் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பர். தமிழ்க் கிறிஸ்தவரும் இவ்வழக்கின் நிழலிலேயே வாழ்ந்து வருபவர். ஆதலின், தாயையோ தந்தையையோ இழந்த வீட்டில் மார்கழி பிறந்ததும் ஒரு வினா எழுகின்றது. இவ்வாண்டு நத்தாரைக் கொண்டாடலாமா? கொண்டாடினால் இறந்தவரை மறந்ததாகாதா? கொண்டாடாதுவிட்டால், அவர் ஆசையோடு பேணிவந்த வழக்கங்களையும் அவருடன் சேர்த்துப் புதைத்ததாகாதா? இவ்வினா இந்நாட்டவருக்கு மட்டும் உரியதன்று. நத்தாரைக் கொண்டாடும் சமூகங்கள் பலவும் இதனைச் சந்தித்துள்ளன. தத்தமக்கு ஏற்ற விடையையும் கண்டுள்ளன.

நத்தார் என்னும் சொல்லே போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கைக்கு வந்தது. பிறப்பு என்னும் பொருளுடைய ‘நத்தால்’ என்ற அவர்தம் சொல்லே தமிழில் நத்தார் என்றும் சிங்களத்தில் நத்தல் என்றும் நின்றது. அச்சொல்லைத் தந்த போர்த்துக்கல் நாட்டின் சில பகுதிகளிலே, நத்தாருக்கு முதல் நாள் இரவு உணவு முடிந்த பின்னர் மேசையைத் துடைத்து ஒழுங்கு செய்யாது, உணவை அவ்வாறே விட்டுவைக்கும் பழக்கம் இருந்து வந்துள்ளது. அவ்விரவிலே இறந்த முன்னோரின் ஆன்மாக்கள் தம் வீட்டுக்கு வருவர் என்பதே அதன் கருத்து. முன்னோருக்குப் படைக்கும் தமிழர்க்கு இவ்வழக்கம் அந்நியமாகத் தோன்றாது.

லித்துவேனியாவில் டிசெம்பர் 24ஆம் நாள் இரவு உண்ணும் உணவு கூச்சியோஸ் எனப்படும். இறைச்சி சேராத பன்னிரண்டு வகை உணவுகள் மேசையில் இடம்பெறும். அவ்வாண்டிலே குடும்பத்தில் ஒருவர் இறந்திருப்பின், அவருக்குரிய இடம் வெறுமையாக விடப்படும். அங்கு ஒரு சிறு மெழுகுதிரி ஏற்றி வைக்கப்படும். அயல்நாடாகிய போலந்திலும் அதே இரவில் விகீலியா என்னும் விருந்து நடைபெறுகின்றது. வானில் முதல் விண்மீன் தோன்றுமளவும் காத்திருந்து, ஒப்வாத்தெக் எனப்படும் மெல்லிய அப்பத்தை ஒருவரோடொருவர் பிட்டுப் பகிர்ந்து வாழ்த்திக்கொண்ட பின்னரே உண்ணத் தொடங்குவர். மேசை விரிப்பின் கீழ், மாட்டுக் கொட்டிலை நினைவூட்டும் வைக்கோல் சிறிது பரப்பப்பட்டிருக்கும். வந்தோர் தொகையினும் ஒரு தட்டு அதிகமாக வைக்கப்பட்டிருப்பதே இவ்விருந்தின் சிறப்பு. எதிர்பாராது கதவைத் தட்டும் விருந்தினருக்கு உரியது அத்தட்டு என்பர். இறந்துபோன உறவினருக்கு உரியது என்றும் கூறுவர். 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் பின் ஆயிரக்கணக்கானோர் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அக்காலத்தில், தொலைவிலே உயிரோடிருக்கும் மகனையோ கணவனையோ அத்தட்டு பல வீடுகளில் நினைவூட்டியது.

பின்லாந்தில் இவ்வழக்கம் மேசையை விட்டுச் சேமக்காலைக்குச் செல்கின்றது. டிசெம்பர் மாத இறுதியில் அந்நாட்டுத் தலைநகரில் பிற்பகல் மூன்றேகால் மணியளவில் சூரியன் மறைந்துவிடும். நத்தாருக்கு முதல் நாளன்று, அவ்விருளிலே, குடும்பத்தினர் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கல்லறைகளுக்குச் செல்வர். பனியிலே சிறு குழி செய்து மெழுகுதிரி ஏற்றுவர். தொலைவூரில் அடக்கஞ் செய்யப்பட்டோருக்காக ஏற்றுவதற்கும் சேமக்காலையில் பொது இடமுண்டு. ஆயிரக்கணக்கான சுடர்கள் பனிவெளியில் ஒளிர்வதைக் கண்டு வீடு திரும்பிய பின்னரே விருந்து தொடங்கும். இறந்தவரை முதலிற் சென்று கண்டு வந்தமையால், பின்னர் மகிழ்வதற்கு மனம் கூசுவதில்லை.

வழக்கம் மட்டுமன்றி இலக்கியமும் இவ்வினாவை ஆராய்ந்துள்ளது. ஆங்கிலப் புலவர் தெனிசனின் உயிர்த்தோழர் ஆதர் ஹாலம், 1833ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள் வியன்னா நகரில் திடீரென இறந்தார். அப்போது அவருக்கு வயது 22. புலவரின் தங்கைக்கு அவரையே மணமகனாக நிச்சயித்திருந்தனர். ஆகவே அம்மரணம் ஒரு நண்பரின் இழப்பாக மட்டுமன்றி, ஒரு வீட்டின் இழப்பாகவும் அமைந்தது. அத்துயரிலே தோன்றிய பாடல்களைத் தெனிசன் ஏறத்தாழ 17 ஆண்டுகள் எழுதிச் சேர்த்து, 1850இல் ‘இன் மெமோரியம்’ என்னும் பெயரில் வெளியிட்டார். அந்நெடும் பாடலில் நத்தார் மும்முறை வருகின்றது. துயரம் காலத்தோடு எவ்வாறு உருமாறுகின்றது என்பதனை இம்மூன்று நத்தார்களையும் ஒப்புநோக்கி அறியலாம்.

முதல் நத்தாரில், விழா எடுப்பதா விடுவதா என்ற தயக்கமே மேலோங்கி நிற்கின்றது. எனினும் பழக்கத்தை முன்னிட்டு, வழமைபோல் பச்சிலை மாலை கட்டப்படுகின்றது. கட்டும் விரல்கள் நடுங்குகின்றன. விளையாட்டுக்கள் நடக்கின்றன; அவற்றில் உயிரில்லை. முன்னைய ஆண்டு அந்நண்பரோடு கூடிப் பாடிய பாட்டை எல்லோரும் பாட முயல, கண்ணீர் பெருகுகின்றது. இரண்டாம் நத்தாரில் பனி அமைதியாகக் கிடக்கின்றது. விளையாட்டும் பாட்டும் முன்போல் நிகழ்கின்றன. எவர் கண்ணிலும் நீரில்லை. துயரம் செத்துவிட்டதோ என்று புலவரே வினவுகின்றார். இல்லை, அது ஆழத்திலே வேரூன்றிவிட்டது, கண்ணீர்தான் வற்றியது எனத் தம்மைத் தேற்றிக்கொள்கின்றார். மூன்றாம் நத்தாருக்குள் குடும்பம் பழைய வீட்டை விட்டு வேற்றூருக்குச் சென்றுவிடுகின்றது. அங்கு ஒலிக்கும் கோயில் மணி பழகிய மணியன்று. பழைய மனையில் நிகழ்ந்த ஆடலும் அலங்காரமும் புதிய இடத்தில் பொருளிழந்து விடுகின்றன, அவை கைவிடப்படுகின்றன. ஆனால் அதனைத் தொடர்ந்து புத்தாண்டை வரவேற்கும் பாடல் பிறக்கின்றது. முதலாண்டில் வழக்கம் தாங்குகோலாக நின்றது, இரண்டாமாண்டில் இயல்பாயிற்று, மூன்றாமாண்டில் அதனை விட்டும் நினைவு நிற்கக் கற்றுக்கொண்டது.

நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் 1843இல் வெளியிட்ட ‘கிறிஸ்மஸ் கரோல்’ என்னும் கதையிலே, ஏழைக் குடும்பமொன்றின் மூலையில் சிறுவன் ஒருவனது வெற்றிருக்கையும் அவனது ஊன்றுகோலும் காட்டப்படுகின்றன. வரக்கூடிய ஓர் இழப்பைக் காட்டி, கருமியின் நெஞ்சை உருக்குவதற்கு அவர் கையாண்ட காட்சி அது. எட்டு ஆண்டுகளின் பின் இழப்பு அவர் வீட்டுக்கே வந்தது. 1851ஆம் ஆண்டு மார்ச் 31இல் அவர் தந்தை இறந்தார். இரு வாரங்கள் கழித்து, ஏப்ரில் 14இல், எட்டு மாதக் குழந்தையாகிய மகள் டோரா இறந்தாள். அவ்வாண்டு நத்தாரையொட்டித் தமது சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரை, வயது ஏற ஏற நத்தார் என்னவாகின்றது என்பதைப் பற்றியது. இறந்தோரை அந்நாளில் வாயிலுக்கு வெளியே நிறுத்தலாகாது, நினைவின் வழியாக அடுப்பங்கரைக்கு அழைத்து அமர்த்த வேண்டும் என்பதே அதன் சாரம்.

இவையனைத்திலும் பொதுவாக அமைந்த உண்மை ஒன்றுண்டு. துயரை மறைத்துவிட்டு மகிழ்ந்து நடிக்குமாறு இவ்வழக்கங்கள் எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை; மகிழ்ச்சியை முற்றாக விலக்குமாறும் கூறுவதில்லை. துயருக்கு ஓர் இடத்தையும் ஒரு நேரத்தையும் வரையறுத்துக் கொடுக்கின்றன. இடம் பெறாத துயரம் வீடெங்கும் அலையும். எவர் பேச்சிலும் குறுக்கிடும். ஒரு தட்டோ ஒரு சுடரோ அதற்கென அமைந்துவிட்டால், எஞ்சிய இடம் உயிரோடிருப்போர்க்குக் கிடைக்கின்றது.

இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளிலும் இதற்கான வாய்ப்புக்கள் நிறைய உள. நத்தார் ஆயத்தம் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு வேலையாகப் பிரிந்து கிடக்கின்றது. பாலன் குடிலுக்கு வைக்கோல் வேய்பவர் ஒருவர். அதன் முன் வைப்பதற்குச் சிறு கிண்ணங்களில் நெல் முளைக்கவிடுபவர் வேறொருவர். பயற்றம் பணியாரத்துக்குப் பாகு பதம் பார்க்கும் கை ஒன்று. கேக்குக்கு ரவையை வறுத்து, கஜுவையும் பூசணிப் பாகையும் முந்திரிகை வற்றலையும் பொடிப்பொடியாக அரிந்து ஊறவைக்கும் கை மற்றொன்று. கேக்கைச் சிறு துண்டுகளாக்கி வண்ணத்தாளிற் சுற்றுவதும், சைவ, முஸ்லிம் அயலவர்க்குத் தட்டத்திற் பலகாரம் அனுப்புவதும் பிள்ளைகளின் பங்கு. ஒருவர் மறைந்ததும் அவர் கை செய்த வேலை தனித்து நிற்கின்றது. அதனை எவர் ஏற்பது என்பதே அவ்வீடு விடைகாண வேண்டிய வினா.

அவ்வேலையை விட்டுவிடுவது எளிது. ஆனால் பாட்டியின் பணியாரத்தைப் பேத்தி சுட்டெடுக்கும்போது, பாகு சற்று முறுகிப் போனாலும், பாட்டியின் பெயர் அன்று பத்து முறை அவ்வீட்டில் ஒலிக்கும். “அம்மம்மா இப்படிச் செய்யமாட்டா” என்று ஒரு குழந்தை குறை கூறுவதும் நினைவின் ஒரு வகையே. இறந்தவர் பெயரை உச்சரிக்காது காப்பதால் துயரம் குறைவதில்லை. பெரியோர் ஊமையாகும்போது, அப்பெயர் சொல்லத் தகாதது எனப் பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். முதலாண்டில் புத்தாடையையும் பட்டாசையும் தவிர்த்து, நடுச்சாமப் பூசைக்குச் சென்று, சேமக்காலையில் ஒரு திரி ஏற்றி வருவது துக்கத்தையும் மதிக்கும், விழாவையும் அறுக்காது. அழுகை வந்தவர் எழுந்து சென்று அழுதுவிட்டுத் திரும்புவதற்கும் அப்பந்தியில் இடம் இருத்தல் வேண்டும்.

இந்நாட்டுக் கரையோர மக்களுக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, நத்தாருக்கு அடுத்த நாள், ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. முல்லைத்தீவு முதல் மட்டக்களப்பு, அம்பாறை வரையுள்ள கரைகளில், முதல் நாள் அயலவரோடு பலகாரம் பகிர்ந்த பலர் மறுநாள் இல்லை. அங்குள்ள கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு நத்தாரும் நினைவு நாளும் ஒரே இரவின் இரு கரைகளாயின. பாலன் குடிலின் விளக்கை ஏற்றிய கை, மறுநாட் காலையில் நினைவுச் சுடரையும் ஏற்றுகின்றது.

1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே காணாமற்போனோரின் வீடுகள் வேறொரு துயரைச் சுமக்கின்றன. படத்துக்கு மாலையிட்டால் அவர் இறந்தார் என ஒப்புக்கொண்டதாகும். இடாதுவிட்டால் ஆண்டுகள் கழிகின்றன. அங்கே திவசமும் இல்லை, கல்லறையும் இல்லை. அத்தகைய தாய்மாருக்குப் போலந்து நாட்டார் வைக்கும் அத்தட்டின் பொருள் நன்கு விளங்கும். இறந்தவர்க்கும் அது உரியது. இன்னும் வரக்கூடியவர்க்கும் உரியது. எவருக்கு என்பதை அன்றிரவு எவரும் முடிவு செய்ய வேண்டியதில்லை. தட்டை வைத்தால் போதும்.

ஆகவே, கொண்டாடலாமா என்ற வினாவுக்கு ஆம், இல்லை என்ற இரண்டு விடைகள் மட்டும் உள்ளன என்று கொள்ளுதல் தவறு. வழக்கத்தைக் குறைக்கலாம், மாற்றலாம், ஒராண்டு அமைதியாகக் கழிக்கலாம். ஆனால் அதனை அடுத்த தலைமுறையின் கையிற் கொடாது விட்டால், இறந்தவரின் படம் மட்டுமே சுவரில் எஞ்சும். அவர் எவ்வாறு சிரித்தார், எதனை விரும்பிச் சமைத்தார், எந்தப் பாட்டில் குரல் தழுதழுத்தார் என்பதை அப்படம் சொல்லாது. நெல் முளைக்கவிடும் கிண்ணத்தை இவ்வாண்டு வீட்டின் இளைய பிள்ளையிடம் கொடுத்து, முன்னர் அதனைச் செய்தவர் யார் என்பதையும் சொல்லிக் கொடுத்தால், அவர் அப்பந்தியை விட்டு முற்றாக நீங்கியவராகார்.