கோடை விடுமுறையில் மழலையின் கைகளுக்கு வேலை கொடுங்கள்!



கோடை விடுமுறை வந்துவிட்டது. மூத்த பிள்ளைகளுக்கு விளையாட்டும் உறவினர் வீடுகளும் இருக்கின்றன. மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடைப்பட்ட மழலைகள்தாம் என்ன செய்வதென்று அறியாமல் உங்கள் முந்தானையைப் பற்றியபடி வீடெங்கும் சுற்றி வருகின்றனர். அவர்களைப் பற்றியே இக்கட்டுரையில் உங்களோடு பேச விழைகின்றேன்.

மாண்டிசோரி மழலையர் பள்ளியில் பயிலும் குழந்தையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அங்கே அது தன் பாயைத் தானே விரிக்கிறது. தனக்கு வேண்டிய பொருளை அலமாரியிலிருந்து தானே எடுக்கிறது. வேலை முடிந்ததும் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் பாயைச் சுருட்டுகிறது. தண்ணீர் சிந்தினால் தானே துடைக்கிறது. அதே குழந்தை வீட்டிற்கு வந்தவுடன் சட்டைப் பித்தானுக்கும் செருப்பு வாருக்கும் உம்மாவை அழைக்கிறது. ஏன்? 'நானே, நானே' என்று அது கையை நீட்டும் போதெல்லாம், 'உனக்குத் தெரியாது, தள்ளு' என்று நாம் வேலையைப் பறித்துக்கொள்கிறோம். பள்ளி நாள்களில் இதனால் விளையும் இழப்பு சில மணி நேரத்துக்குரியது. விடுமுறையிலோ இரண்டு மாத இழப்பாகிவிடுகிறது.

கற்பித்தோமா, கண்டித்தோமா?

இக்கல்வி முறையைத் தந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலியில் பிறந்தவர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907ஆம் ஆண்டு ஜனவரி 6ஆம் நாள், ரோம் நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகளின் இல்லம்' என்னும் முதல் பள்ளியைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்ற பின் மாடிப்படிகளில் திரிந்து கொண்டிருந்த பிள்ளைகளே அதன் முதல் மாணவர்கள்.

அப்பள்ளியில் நிகழ்ந்த ஒன்றை அம்மையாரே பின்னர் எழுதியிருக்கிறார். ஒருநாள் அவர் குழந்தைகளுக்கு மூக்குச் சிந்துவது எப்படி என்று கற்றுக் கொடுத்தார். கைக்குட்டையை எப்படி எடுப்பது, பிறர் கண்ணை உறுத்தாமல் எப்படித் துடைப்பது என்று செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிக்கவில்லை, கண்கொட்டாமல் பார்த்திருந்தனர். பாடம் முடிந்ததும் அனைவரும் கைதட்டி ஆரவாரித்தனர்! அம்மையார் வியந்தார், பிறகே காரணம் அவருக்குப் புலப்பட்டது. மூக்கு ஒழுகுவதற்காக அப்பிள்ளைகள் அதுவரை வாங்கிய திட்டுகள் எத்தனையோ. மூக்கை எவ்வாறு துடைப்பது என்று ஒருவரேனும் பொறுமையாகக் காட்டிக் கொடுத்ததில்லை.

தாய்மார்களே! இதனை நம் வீட்டிற்குப் பொருத்திப் பாருங்கள். 'சிந்தாமல் சாப்பிடு', 'சத்தம் போடாதே', 'சாமான்களை ஒழுங்காக வை' என்று நாள்தோறும் எத்தனை முறை கூறுகிறோம்? சிந்தாமல் உண்பது எப்படியென்று அருகில் அமர்ந்து, மெதுவாக, ஒருமுறையேனும் செய்து காட்டினோமா? கற்பிக்காத ஒன்றுக்காகக் கண்டிப்பது நீதியாகுமா? கற்பிப்பதற்குக் கோடை விடுமுறையைப் போல் வாய்ப்பான காலம் வேறில்லை. பள்ளி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்ற பரபரப்பு இப்போது இல்லை.

வீட்டிலேயே செய்யத்தக்கவை

இதற்கெனப் பணம் செலவிட்டு விளையாட்டுப் பொருள்கள் வாங்க வேண்டியதில்லை. வீட்டுப் பொருள்களே போதும். காலை வெயில் ஏறுமுன் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்குங்கள்.

முதலாவது, ஊற்றுதல். ஒரு தட்டில் இரண்டு சிறு குவளைகளை வையுங்கள். ஒன்றில் பாதியளவு கொண்டைக்கடலை இருக்கட்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெதுவாக ஊற்றிக் காட்டுங்கள். கை காட்டும்போது வாய் பேச வேண்டாம்; குழந்தையால் ஒரே நேரத்தில் இரண்டையும் பின்தொடர இயலாது. இது கைவந்தபின் தண்ணீருக்கு மாறுங்கள். ஒரு சிறு கெண்டியும் துடைக்க ஒரு துணியும் கொடுங்கள். தண்ணீர் சிந்தினால் 'பார்த்தாயா!' என்னாதீர்கள். சிந்திய தண்ணீரே தவற்றைக் காட்டிவிடும். உளூச் செய்யும் வேளையில் குழாயைத் திறந்துவிட்டு விளையாடும் பிள்ளை, சிறு கெண்டியைக் கையாளப் பழகிவிட்டால் அளவாக ஊற்றவும் தானே பழகிக்கொள்ளும்.

இரண்டாவது, மடித்தல். கைக்குட்டைகள், தலையணை உறைகள், சிறு துண்டுகள் ஆகியவற்றை முனையோடு முனை சேர்த்து மடிக்கச் செய்யுங்கள். தொழுகை விரிப்பை விரிப்பதும் மடித்து வைப்பதும் இனிமேல் வீட்டின் சின்னப் பிள்ளையின் பொறுப்பாகட்டும். பள்ளியில் பாயைச் சுருட்டிப் பழகிய கைகளுக்கு இது இனிய வேலையாகும்.

மூன்றாவது, அடுப்படி வேலை. நுங்கின் தோலை உரித்தல், வாழைப்பழத்தைக் கூர்மையற்ற கத்தியால் வில்லைகளாக அரிதல், எலுமிச்சம்பழம் பிழிதல் ஆகியவற்றை நான்கு வயதுக் குழந்தையால் செய்ய இயலும். மாலையில் நன்னாரி சர்பத் கலக்கும் பொறுப்பை அதனிடம் விடுங்கள். சப்ஜா விதையைத் தண்ணீரில் ஊறவைத்து, கறுப்பு விதையைச் சுற்றி வெண்மையான உறை வீங்கி வருவதைக் காண்பியுங்கள். இத்தனை பேர், இத்தனை குவளை என்று எண்ணி, பெரியவர்களுக்கு முதலில் கொடுக்கட்டும். எண்ணும் உபசரிப்பும் ஒரே வேலையில் வந்துவிடுகின்றன அன்றோ!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஆண் பிள்ளைக்கு எதற்கு அடுப்படி வேலை?' என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். மாண்டிசோரி பள்ளியில் பெருக்குவதும் துடைப்பதும் ஆண், பெண் இரு பாலார்க்கும் உரியவை. உண்ட தட்டை எடுத்து வைக்க ஐந்து வயதில் பழகாத மகன், பின்னாளில் வெளிநாட்டில் தனி அறையில் தங்கும்போது எத்துணை இடர்ப்படுகிறான் என்பதைப் பல குடும்பங்கள் அறியும்.

நான்காவது, புலன்களுக்கான வேலை. அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஏலம், கிராம்பு, பட்டை, சீரகம் ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் இடுங்கள். கண்ணை மூடி முகர்ந்து பெயர் சொல்லட்டும். அகன்ற தட்டில் ரவையைப் பரப்பி விரலால் எழுத்துகளை வரையச் செய்யலாம். பள்ளியில் உப்புத்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகுவதும் இதே நோக்கத்துடன்தான். ட, ப போன்ற நேர்க்கோட்டு எழுத்துகளிலிருந்து தொடங்குங்கள். அலிஃப் எழுதும் விரலுக்கும் இத்தட்டே போதும்.

ஐந்தாவது, வளர்த்தல். ஒரு தொட்டியில் வெந்தயத்தைத் தூவி நாள்தோறும் நீர் தெளிக்கச் செய்யுங்கள். சில நாள்களிலேயே முளை தலைநீட்டும். மொட்டை மாடியில் பறவைகளுக்கு ஒரு மண்சட்டியில் தண்ணீர் வைக்கும் பணியும் பிள்ளையுடையதாகட்டும். மறந்தால் அந்த உயிர் தாகத்தால் வாடும் என்ற உணர்வு எத்தனை அறிவுரைகளாலும் வராத பொறுப்பைக் கொண்டுவரும்.

ஆறாவது, அமைதி விளையாட்டு. அனைவரும் அசையாமல் அமர்ந்து கண்களை மூடிக்கொள்ளுங்கள். ஒருவர் அடுத்த அறையிலிருந்து ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைக்க, அழைக்கப்பட்டவர் ஓசையின்றி எழுந்து செல்ல வேண்டும். மாண்டிசோரி அம்மையார் வகுப்பறையில் நடத்தியதே இது. ஓடியாடும் பிள்ளைகளும் இதில் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்வதைக் கண்டு வியப்பீர்கள்.

கவனம் தேவை

வேலை கொடுங்கள் என்றதும் தனியே விட்டுவிடலாம் என்று கொள்ளற்க. ஒரு வாளித் தண்ணீரிலும் குழந்தை மூழ்கிவிடக்கூடும். பயன்படுத்தாத வாளியைக் கவிழ்த்து வையுங்கள். புளியங்கொட்டை, மணிகள், பொத்தான் வடிவ பேட்டரி ஆகியவை கைக்கெட்டாமல் இருக்கட்டும். இரண்டு வயதுத் தம்பியோ தங்கையோ அருகிலிருந்தால் கடலை வேலையைத் தள்ளி வையுங்கள். நண்பகல் முதல் மூன்று மணி வரை வெயிலில் விளையாட விடாதீர்கள்.

தொலைக்காட்சியும் கைபேசியும் பிள்ளையை அமைதியாக வைத்திருக்கின்றன என்பது உண்மைதான். அந்த அமைதியில் கைகளுக்கு வேலை ஏது? உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகள் அமர்ந்தபடி திரையைப் பார்க்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணியைத் தாண்டலாகாது; குறைவாக இருப்பின் இன்னும் நன்று. அவ்வயதினர் நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேரமேனும் ஓடியாடி இயங்க வேண்டும் என்றும் அது கூறுகிறது.

வீட்டுச் செய்தி பள்ளிக்குத் தெரியட்டும்

கோடைக்காலம் குடும்பங்களில் மாறுதல்கள் நிகழும் காலமுமாகும். திருமணங்கள், குடிமாற்றம், வெளிநாட்டிலிருந்து வாப்பாவின் வருகை, புதிய குழந்தையின் பிறப்பு எனப் பலவும் இம்மாதங்களில் நிகழ்கின்றன. இவற்றைப் பெரியவர்களுக்குக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அறிவிக்கிறோம். வீட்டின் சின்னஞ்சிறு உறுப்பினரிடம் முறையாகச் சொல்கிறோமா?

வாப்பா ஆண்டுக்கு ஒருமுறை, ஒரு மாத விடுப்பில் வருகிறார். மூன்று வயதுப் பிள்ளை அவரைக் கண்டு ஒளிந்துகொள்கிறது. வருந்தாதீர்கள், வற்புறுத்தி மடியில் வைக்காதீர்கள். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், கடைத்தெருவுக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுதல் ஆகிய சிறு பணிகளை வாப்பாவிடம் விட்டுவிடுங்கள். விலையுயர்ந்த பொம்மைகளால் வராத நெருக்கம், சேர்ந்து செய்யும் வேலையால் வரும். அவர் திரும்பிச் செல்லும் நாளையும் முன்கூட்டியே கூறுங்கள். தூங்கும் வேளையில் சொல்லாமல் புறப்பட்டுவிட்டால், மறுநாளிலிருந்து அப்பிள்ளை தூங்கவே அஞ்சும்.

தம்பிப் பாப்பா பிறந்தவுடன், பழக்கத்தை விட்டுவிட்ட பிள்ளை மீண்டும் படுக்கையை நனைப்பதுண்டு. மழலை மொழிக்குத் திரும்புவதுண்டு. இது குறும்பன்று; தன் இடம் பறிபோயிற்றோ என்னும் அச்சம். துணி எடுத்துத் தருதல், தொட்டிலை மெல்ல ஆட்டுதல் எனப் பாப்பாவுக்குச் செய்யும் பணிகளில் பங்கு கொடுங்கள்.

நன்னியோ பெத்தாவோ மறைந்துவிட்டால், 'தூங்குகிறார்கள்' என்றோ 'ஊருக்குப் போயிருக்கிறார்கள்' என்றோ சொல்லி வைக்கிறோம். முதல் சொல் உறக்கத்தைக் கண்டு அஞ்ச வைக்கும். இரண்டாவது சொல் வாசலைப் பார்த்துக் காத்திருக்க வைக்கும். மௌத்தானவர்கள் திரும்பி வருவதில்லை என்பதை எளிய சொற்களில், அணைத்தபடி, உண்மையாகக் கூறுங்கள். அவர்களுக்காகத் துஆச் செய்யலாம் என்பதையும் சொல்லிக் கொடுங்கள். பிள்ளை கேட்கும் கேள்விக்கு மட்டும் விடை கூறினால் போதும்.

பள்ளி திறக்கும் நாளில் இச்செய்திகளை ஆசிரியையிடம் நான்கு வரிகளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். 'ஏன் இவன் வேலையில் மனம் செலுத்தவில்லை?' என்று ஆசிரியை திகைப்பதற்கும், பொறுமையோடு அருகில் அமர்வதற்கும் இடையேயுள்ள தூரம் அந்த நான்கு வரிகளே. பிள்ளை வீட்டில் புதிதாகக் கற்றவற்றையும் அதில் சேருங்கள்.

பிரிவின் துயரை மாண்டிசோரி அம்மையாரும் அறிந்தவர்தாம். 1939இல் சென்னை அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியளிக்க மகன் மரியோவுடன் அவர் வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, ஆங்கில அரசு மரியோவைக் காவலில் வைத்தது. அம்மையாரும் அடையாற்றை விட்டு வெளியேறாதவாறு தடுக்கப்பட்டார். அவருடைய எழுபதாம் பிறந்த நாளன்று அரசு அளித்த பரிசு மகனின் விடுதலை. பின்னர்க் கொடைக்கானலில் தங்கி, செடிகொடிகளுக்கும் இயற்கைக்கும் நடுவே பல வயதுப் பிள்ளைகளோடு பணியாற்றினார். நம் மண்ணிலேயே வளர்ந்த கல்விமுறை என்று இதனை நாம் உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

சகோதரிகளே! இரண்டு மாதங்கள் விரைந்து ஓடிவிடும். பிள்ளை செய்யும் வேலை கோணலாக இருக்கலாம்; நேரமும் கூடுதலாக ஆகலாம். நீங்கள் இரண்டு நிமிடத்தில் போட்டுவிடும் பித்தானை அது பத்து நிமிடம் போராடிப் போடும். அந்தப் பத்து நிமிடத்தையும் பொறுமையோடு கொடுங்கள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்திருங்கள். முடித்துவிட்டு அது நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது புன்னகை ஒன்று போதும். நாளைக் காலையிலேயே ஒரு தட்டும் இரண்டு சிறு குவளைகளும் எடுத்து வையுங்கள்.