ஸ்டாண்டர்டு ஹெரால்டு: வெவ்வேறு ஆண்டுகளின் பின் சஸ்பென்ஷன் பாகங்களைப் பொருத்துதல்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்பது சென்னையை அடுத்த வண்டலூர் பகுதியில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1960-களில் தயாரித்த கார். இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த ட்ரையம்ப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. இதன் பழைய பின் ஸ்பிரிங்குக்கு மாற்றாக, இதே குடும்பத்தைச் சேர்ந்த பிற்கால கார்களின் பாகங்களைப் பொருத்தும் வழக்கம் உண்டு. பல பாகங்கள் போல்ட்டு அளவில் பொருந்திவிடும். ஆனால் பொருந்துவது வேறு, சேர்ந்து சரியாக இயங்குவது வேறு.

பழைய அமைப்பு

ஹெரால்டின் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு இறுகப் பூட்டப்பட்டது. அதன் தலைமேல் ஒரே ஒரு லீஃப் ஸ்பிரிங் குறுக்காக உட்கார்ந்திருக்கும். அதன் இரு முனைகளும் இரண்டு சக்கரங்களைத் தாங்கும். சக்கரத்துக்குச் செல்லும் அரைத்தண்டுகள் உட்புற மூட்டில் மட்டுமே மடங்கும். எனவே சக்கரம் ஏறி இறங்கும்போது அதன் சாய்வும் மாறும். வளைவில் வேகமாகத் திரும்பி, நடுவில் திடீரென ஆக்ஸிலரேட்டரை விட்டால் காரின் பின்பகுதி எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடியும், டயரின் பிடி சட்டென்று குறையும். இந்தக் காரில் பின் ஸ்பிரிங்கை மாற்றுவது வெறும் சொகுசு சார்ந்த வேலை அல்ல.

ஸ்விங் ஸ்பிரிங்

இதே அமைப்பைக் கொண்ட ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரின் நான்காம் பதிப்பு (1970) இக்குறையைக் குறைத்தது. அதன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கப்படும். மற்றவை நடுவில் ஒரு அச்சில் ஆடும். கார் ஒருபக்கமாகச் சாயும்போது பின்புறம் அதை எதிர்ப்பது குறைவு, எனவே எழும்புவதும் குறைவு. அந்த எதிர்ப்பை ஈடுகட்ட முன்புறத்தில் தடித்த ஆன்டி-ரோல் பார் சேர்க்கப்பட்டது. ஸ்பிரிங்கை மட்டும் கொண்டுவந்து முன்புறத் தண்டைப் பழையபடி விட்டால், கார் வளைவுகளில் அளவுக்கு மீறிச் சாயும். இரண்டும் ஒரே வேலையின் இரு பாதிகள்.

மேலும், ஸ்பிட்ஃபயர் இருவர் அமரும் இலகுவான கார். ஹெரால்டு நால்வர் அமர்வது. எடைக்கேற்ற ஸ்பிரிங்தானா என்று பார்க்காமல் வாங்கினால் பின்புறம் தாழ்ந்துவிடும்.

1973 மாதிரி ஸ்பிட்ஃபயரில் அரைத்தண்டுகள் நீண்டன, பின் சக்கர இடைவெளி சுமார் 2 அங்குலம் கூடியது. நீளமான தண்டை ஒருபக்கம் மட்டும் போடக்கூடாது என்பது சொல்லாமலே விளங்கும். இருபுறமும் போட்டாலும் டயர் மட்கார்டில் உரசுகிறதா என்பதை ஆள் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஷாக் அப்சார்பர் நீளமும் முக்கியம். சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதை அதுவே கட்டுப்படுத்துவதால், நீளமான ஒன்றைப் போட்டால் மேற்சொன்ன மடிப்பு அதிகமாகும்.

கெசல்

இந்தியாவில் நிறுவனமே எடுத்த முடிவு வேறு. 1972 முதல் 1977 வரை சிறிய எண்ணிக்கையில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காரில், இந்திய வாடிக்கையாளர்கள் நம்பத் தயங்கிய ஆடும் அரைத்தண்டுகளுக்குப் பதிலாக ஒரே உறுதியான ஆக்ஸில் வைக்கப்பட்டது. ஆனால் அதை ஹெரால்டுக்கு மாற்றுவது போல்ட்டு வேலை அல்ல. ஹெரால்டில் ஸ்பிரிங்கைத் தாங்குவது டிஃபரன்ஷியல். கெசலில் டிஃபரன்ஷியலே ஆக்ஸிலோடு ஏறி இறங்கும். எனவே சேஸிஸில் புதிய தாங்கிகளைப் பற்றவைக்க வேண்டும். 2021-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், 50 ஆண்டு கடந்த விண்டேஜ் வாகனமாகப் பதிய சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவை பெரிதாக மாற்றப்படாமல் இருக்க வேண்டும் என்கிறது. வெல்டிங் செய்த சேஸிஸ் அந்தத் தகுதியை இழக்கக்கூடும்.

உப்புக் காற்று

உப்பளங்கள் உள்ள மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் நிறுத்தப்படும் கார்களில், ஸ்பிரிங் பட்டைகளின் இடையே துரு ஏறி அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது ஸ்பிரிங் விறைப்பாகத் தோன்றும். புதிது வாங்குமுன் பழையதைப் பிரித்துத் துருவை நீக்கிப் பார்ப்பதே சிக்கனம். சேஸிஸ் தாங்கிகள் அரித்திருந்தால் எந்த ஆண்டுப் பாகமும் பயன்படாது.

பொருத்தும்போது

குறுக்கு ஸ்பிரிங் எப்போதும் இழுவிசையில் இருக்கும். சக்கரத் தாங்கியின் கீழ் ஜாக்கி கொடுக்காமல் போல்ட்டைக் கழற்றினால் அது விசையோடு தெறிக்கும். ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை முடிவாக இறுக்குவது, கார் தன் சக்கரங்களில் நின்ற பிறகே. தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் முறுகி விரைவில் கிழியும்.